25,000 தெருக்களும் ஒரு வாய்மொழிப் பரீட்சையும்

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட லைசென்ஸ் கேட்டுப் போகிறவர் முதலில் ஊரைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். சாரிங் கிராஸை மையமாக வைத்து ஆறு மைலுக்கு ஒரு வட்டம் போட்டால் அதற்குள் ஏறத்தாழ 25,000 தெருக்கள் வருகின்றன. தெருப் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தத் தெரு ஒருவழி, எந்த முனையில் வலப்பக்கம் திரும்ப விடமாட்டார்கள், எந்த ஆஸ்பத்திரியின் வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, எந்த மன்றம் எந்தச் சந்துக்குள் இருக்கிறது என்பதெல்லாம் நாக்கு நுனியில் நிற்க வேண்டும். வரைபடம், போன் எதுவும் கையில் இல்லாமல் பரீட்சகர் எதிரில் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். 'நாலெட்ஜ்' என்று சொல்லப்படும் இந்தப் பரீட்சையில் தேற மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பாதியில் விட்டுப் போகிறவர்கள் ஏராளம். குதிரை வண்டிக் காலத்துப் போலீஸ் ஏற்பாடு ஒன்று இன்றுவரை தொடர்வதே வியப்பு. ஆனால் அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு: மனித மூளை எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு இன்று கிடைத்திருக்கும் நல்ல சான்றுகளில் பல, இந்தப் பரீட்சையை எழுதாமல் சொல்லித் தேறியவர்களின் தலைக்குள்ளிருந்தே வந்திருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்து நான் எட்டும் முடிவு இது: ஓர் ஊரை அறிவது பிறவிச் சாமர்த்தியத்தால் வருவதில்லை, பெயர்களை நெட்டுருப் போடுவதாலும் வருவதில்லை. தெருவில் உழைத்து மூளைக்குள் கட்ட வேண்டிய ஒன்று அது. கட்டியவர் அதற்கு விலையும் கொடுக்கிறார். நாலெட்ஜை வகுத்த போலீஸ் அதிகாரிகளுக்கு மூளையைப் பற்றி எதுவும் தெரியாது. இருந்தும் மூளை ஓர் ஊரைக் கற்கும் முறைக்கு மிக நெருக்கமான பயிற்சி ஒன்றைத் தொழிலின் நெருக்கடியே வளர்த்தெடுத்துவிட்டது.

வாடகை வண்டி லண்டனுக்குப் பழையது. 1634-இல் பெய்லி என்ற பழைய கப்பல் தலைவர் ஸ்ட்ராண்ட் தெருவின் மேபோல் கம்பத்தடியில் நான்கு குதிரை வண்டிகளை நிறுத்தி, ஓட்டுகிறவர்களுக்குச் சீருடை கொடுத்து, எந்த இடத்துக்கு என்ன கூலி என்றும் வகுத்துக் கொடுத்தார். நகரத்தின் முதல் வண்டி நிலையம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஆலிவர் குரோம்வெல் காலத்தில் 1654-இல் வந்த ஆணை, இந்தத் தொழில் நடத்துகிறவர்கள் 200 பேருக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. அன்றைய லண்டன் சிறியது. அதில் பிறந்து வளர்ந்த ஓட்டுநருக்கு யாரும் வழி சொல்லித் தர வேண்டியதில்லை. 1666-இல் பெருந்தீ நகரத்தின் நடுப்பகுதியை எரித்தபோது கிறிஸ்டோபர் ரென் நேரான அகலச் சாலைகளுடன் புதிய நகர் ஒன்றை வரைந்து கொடுத்தார். மனை உரிமையாளர்கள் காத்திருக்கத் தயாராக இல்லை. பழைய வளைவுகள்மேலேயே வீடுகள் எழுந்தன. கட்டம் போட்டுப் பிரித்த நகரமாக லண்டன் ஆகாமல் போனது அப்போதே தீர்மானமாயிற்று. 1801-இல் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த மக்கள்தொகை 1851-இல் 23 லட்சத்தைத் தாண்டியது. சுற்றியிருந்த கிராமங்களை நகரம் விழுங்கியபோது அவற்றின் வண்டித்தடங்களையும் வாய்க்கால் வளைவுகளையும் அப்படியே தெருக்களாக ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சர்ச் தெரு, ஒரு ஹை தெரு. ஒரே பெயரில் டஜன் கணக்கில் தெருக்கள் சேர்ந்துபோக, 1855-இல் ஏற்பட்ட பெருநகரப் பணிகள் வாரியம் பெயர் மாற்றுவதையே பெரிய வேலையாகச் செய்ய வேண்டியிருந்தது.

அதே சமயத்தில் வண்டிகளும் பெருகின. எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை 1831-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1834-இல் ஜோசப் ஹான்சம் காப்புரிமை பெற்ற இருசக்கர வண்டி, இலேசாகவும் விரைவாகவும் ஓடியதால் தெருக்களை நிறைத்தது. யூஸ்டன், பாடிங்டன், கிங்ஸ் கிராஸ் என்று ரயில் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்க, ஊர் தெரியாத மனிதர்கள் நாள்தோறும் வந்து இறங்கினார்கள். 1850-இல் வண்டி லைசென்ஸ் வழங்கும் பொறுப்பு பெருநகரப் போலீஸிடம் வந்தது. அடுத்த ஆண்டே ஹைட் பார்க்கில் பெரும் பொருட்காட்சி. மே முதல் அக்டோபர்வரை சுமார் 60 லட்சம் முறை மக்கள் அதற்குள் நுழைந்தார்கள். வண்டிக்காரர்களுக்கு வழி தெரியவில்லை என்று அப்போது குவிந்த புகார்களே நாலெட்ஜுக்கு வித்திட்டன என்பது தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பரீட்சை முறையாகத் தொடங்கியது 1865 என்று பொதுவாகக் குறிக்கிறார்கள். பொருட்காட்சிக்கும் அதற்கும் பதினான்கு ஆண்டு இடைவெளி இருக்கிறது. எனவே அந்த ஒரு நிகழ்ச்சியின்மேல் எல்லாவற்றையும் ஏற்றுவது சரியில்லை. நகரம் தன் சொந்த ஓட்டுநர்களுக்கே அந்நியமாகிப் போனதுதான் ஆழமான காரணம். பாதி லண்டன் அதில் பிறந்தவருக்கே புது இடமாகிவிட்ட பிறகு, பழக்கத்தில் தானாக வந்த அறிவைப் படித்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. குதிரை போய் மோட்டார் வந்தது, 1907-இல் மீட்டர் கட்டாயமானது, கடைசிக் குதிரை வண்டி 1947-இல் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தது. 2000-இல் இந்தப் பொறுப்பு போலீஸிடமிருந்து டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் நிறுவனத்துக்கு மாறியது. பரீட்சை மட்டும் அப்படியே நின்றது.

இந்தப் படிப்பு நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க இந்த நுணுக்கங்களில்தான் நிற்கிறது. மாணவர் கையில் தரப்படும் புத்தகத்தில் 320 'ரன்'கள், அதாவது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கான பாதைகள், இருக்கின்றன. முதல் ரன் மேனர் ஹவுஸ் ஸ்டேஷனிலிருந்து கிப்சன் சதுக்கத்துக்கு. ஹைபரி கார்னரைச் சுற்றி, அப்பர் தெருவுக்குள் போய், மில்னர் சதுக்கத்தைத் தொட்டு முடியும் அந்தப் பாதையைச் சொல்லத் தெரியாத டாக்சிக்காரர் லண்டனில் இருக்க முடியாது. மாணவர் ஒவ்வொரு ரன்னையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டரின் கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் வரைபடத்தைச் செருகி, மழையிலும் குளிரிலும் தெருத்தெருவாகப் போகும் மனிதர்களை லண்டனில் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம். பாதையை ஓட்டி முடித்தால் வேலை தீராது. தொடங்கும் இடத்தைச் சுற்றியும் முடியும் இடத்தைச் சுற்றியும் கால் மைல் வட்டத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று அலைந்து குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் குறிப்புகளுக்குப் 'பாயின்ட்' என்று பெயர். 320 பாதைகளின் இரு முனைகளிலும் இப்படிக் கால் மைல் வட்டங்கள் விரியும்போது அவை ஒன்றன்மேல் ஒன்று கவிந்து, நகரம் முழுவதும் இடைவெளி இல்லாமல் மூடப்படுகிறது. வீட்டுக்கு வந்தால் சுவரில் பெரிய வரைபடம் தொங்கும். இரண்டு பாயின்ட்டுகளுக்கு நடுவே ஒரு பருத்தி நூலை இழுத்துப் பிடித்து, அந்த நேர்க்கோட்டை விட்டு அதிகம் விலகாத தெருக்களைத் தேடுவார்கள். பிறகு கூட்டாளி ஒருவரை எதிரில் உட்காரவைத்து, பாதையைத் தெருத்தெருவாக உரக்கச் சொல்வார்கள். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவின் நாடகக் கொட்டகைகளை லிரிக், அப்போலோ, கீல்குட், குயின்ஸ், பாலஸ் என்று வரிசை பிசகாமல் நினைவில் வைக்க, சின்ன ஆப்பிள்கள் சீக்கிரம் காய்க்கட்டும் என்ற பொருளில் முதலெழுத்துகளைக் கோத்து ஓர் ஆங்கில வாக்கியம் தலைமுறை தலைமுறையாக ஓதப்படுகிறது. குயின்ஸ் கொட்டகைக்கு 2019-இல் பெயர் மாறிய பிறகும் பழைய வாக்கியம் போகவில்லை.

பரீட்சைக்குக் கோட்டு, டை அணிந்து போக வேண்டும். பரீட்சகர் இரண்டு இடங்களின் பெயரை மட்டும் சொல்வார். அந்த இடங்கள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு புறப்படும்போது இடமா வலமா என்பதில் தொடங்கி, ஒவ்வொரு தெருவையும், ஒவ்வொரு திருப்பத்தையும், ஒவ்வொரு ரவுண்டானாவையும் வரிசையாகச் சொல்லிக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட வேண்டும். கேட்கப்படும் பாதை பெரும்பாலும் புத்தகத்தில் இருக்காது. இரண்டு மூன்று ரன்களை நடுவில் வெட்டி ஒட்டினால்தான் வரும். தொடக்கத்தில் 56 நாளுக்கு ஒரு முறையும், தேறத் தேற 28 நாளுக்கும், பிறகு 21 நாளுக்கும் ஒரு முறையும் இந்தச் சந்திப்பு நடக்கும். நெட்டுருப் போட்டவர் இங்கே மாட்டிக்கொள்கிறார். ஏனென்றால் கேள்வி, கற்ற பாதையைச் சோதிப்பதில்லை. கற்ற பாதைகளிலிருந்து கல்லாத பாதை ஒன்றை அந்த நொடியில் உருவாக்க முடிகிறதா என்பதையே சோதிக்கிறது.

இந்த வேறுபாட்டைத்தான் உளவியல் உலகம் வேறொரு பக்கத்திலிருந்து வந்து பிடித்தது. எட்வர்டு டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் வெளியிட்ட கட்டுரையில், புதிர்ப்பாதைக்குள் ஓடும் எலி இடம், வலம் என்று திருப்பங்களை மட்டும் பழகவில்லை, அந்த இடத்தின் ஒரு வரைபடத்தையே மனத்தில் அமைத்துக்கொள்கிறது என்று வாதாடினார். பழகிய வழியை அடைத்தால் எலி இலக்கு இருக்கும் திசையை நோக்கிக் குறுக்குவழி தேடியது அவருக்கு முக்கியச் சான்று. அந்த வரைபடம் மூளையில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு, லண்டனிலேயே யூனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃபும் ஜானதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971-இல் விடையின் முதல் பகுதியைக் கண்டார்கள். காதுக்கு உட்புறமாக மூளையின் இரு பக்கமும் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் சில நரம்பணுக்கள், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடித்தன. ஓரணு ஒரு மூலைக்கு, இன்னோரணு சுவரோரத்துக்கு. எலியைப் புதிய அறைக்கு மாற்றினால் அதே அணுக்கள் புதிய சேர்க்கையில் துடிக்கத் தொடங்குகின்றன. சில நிமிடங்களிலேயே புதிய இடத்துக்கான அமைப்பு உருவாகிவிடுகிறது. தலை எந்தத் திசையை நோக்குகிறது என்பதைக் குறிக்கும் அணுக்கள் 1980-களில் தெரியவந்தன. 2005-இல் நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் எட்வர்டு மோசர், மே-பிரிட் மோசர் குழுவினர், ஹிப்போகாம்பஸுக்கு அண்டைப் பகுதியில், தரை முழுவதையும் அறுகோண ஒழுங்கில் அளப்பதுபோலத் துடிக்கும் அணுக்களைக் கண்டார்கள். ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடம், திசை, தூரம் மூன்றுக்கும் மூளையில் தனித்தனியே ஆள் இருக்கிறது என்பது இதன் சாரம். ஆனால் இவையெல்லாம் பெட்டிக்குள் ஓடிய எலிகள். 25,000 தெருக்களை ஒரு மனிதத் தலை எப்படித் தாங்குகிறது என்பதை எலி சொல்லாது.

அங்கேதான் எலினோர் மகுவயர் வருகிறார். டப்ளினில் பிறந்து லண்டனில் பணியாற்றிய இந்த ஆராய்ச்சியாளர், நாலெட்ஜ் மாணவர்களைப் பற்றி ஜாக் ரோசந்தால் எழுதிய தொலைக்காட்சி நாடகத்தைப் பார்த்து இந்த எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் குழு 1997-இல் 11 டாக்சிக்காரர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழி சொல்லச் சொன்னது. பரீட்சை அறையில் செய்த அதே வேலை. வழி சொல்லும்போது வலப்பக்க ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. பார்த்திராத புகழ்பெற்ற கட்டடங்களையோ பழகிய சினிமாக் கதையையோ நினைவுகூரும்போது அப்படி ஆகவில்லை. 2000-இல் வந்த அடுத்த ஆய்வுதான் உலகம் முழுவதும் பேசப்பட்டது. 16 டாக்சிக்காரர்களின் மூளைப் படங்களை, டாக்சி ஓட்டாத 50 பேரின் படங்களோடு ஒப்பிட்டார்கள். டாக்சிக்காரர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. தொழிலில் எத்தனை ஆண்டுகள் கூடுதலோ அவ்வளவுக்கு அது பருத்திருந்தது. முன்பகுதி சிறுத்திருந்தது. வளர்ந்து முதிர்ந்த மூளையின் வடிவம் தொழிலால் மாறும் என்பதை ஏற்க அன்று பலர் தயங்கினார்கள். இந்த ஆய்வு அந்தத் தயக்கத்தைப் பெரிதும் கரைத்தது.

எதிர்க்கேள்விகள் உடனே எழுந்தன, அவை நியாயமானவையும்கூட. நாளெல்லாம் நெரிசலில் வண்டி ஓட்டுகிற யாருக்கும் இப்படி ஆகாதா? இதற்கு விடை தேட மகுவயர் குழு 2006-இல் லண்டன் பஸ் ஓட்டுநர்களை எடுத்துக்கொண்டது. அதே தெருக்கள், அதே நெரிசல், அதே பதற்றம், ஏறக்குறைய அதே அனுபவ ஆண்டுகள். ஆனால் பஸ்ஸுக்குத் தடம் ஒன்றுதான். அவர்களிடம் அந்தப் பருமன் இல்லை. ஆண்டுகள் ஏறியதற்கேற்ப எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆக, ஓட்டுவது காரணம் அல்ல, வழியை ஒவ்வொரு சவாரிக்கும் புதிதாய்க் கணக்கிடுவதே காரணம். இரண்டாம் கேள்வி இதைவிடக் கடுமையானது: பிறவியிலேயே பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தானே இந்தத் தொழிலுக்கு வந்து நிலைக்கிறார்கள்? இதைத் தீர்க்க ஒரே வழி, படிப்பு தொடங்கும் முன்பே பிடித்துத் தொடர்வது. கேத்தரின் வுல்லட்டும் மகுவயரும் 79 மாணவர்களையும், ஒப்பீட்டுக்காக வேறு 31 பேரையும் தொடக்கத்தில் படமெடுத்து, மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். மாணவர்களில் 39 பேர் தேறினார்கள். தொடக்கப் படங்களில் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. முடிவில் தேறியவர்களுக்கு மட்டும் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறியவர்கள் வாரத்துக்குச் செலவிட்ட பயிற்சி நேரம், தேறாதவர்களின் நேரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. 2011-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, பிறவித் திறன் என்ற விளக்கம் பெருமளவு பலமிழந்துவிட்டது. முழுவதும் ஒழிந்துவிட்டதென்று சொல்ல மாட்டேன். மாறும் தன்மை சிலருக்குப் பிறப்பிலேயே கூடுதலாக இருக்கலாம் என்ற சாத்தியத்தை அந்த ஆராய்ச்சியாளர்களும் மறுக்கவில்லை. ஆனால் உழைக்காமல் அது வெளிப்படாது என்பது உறுதி.

பழகிய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் மூளை ஒரே முறையைத்தான் கையாள்கிறதா என்பது இதற்கு அடுத்த கேள்வி. நோயாளிகள் இருவர் இதற்கு வெளிச்சம் தருகிறார்கள். மருத்துவ இலக்கியம் இ.பி. என்று குறிக்கும் அமெரிக்க முதியவருக்கு இரு பக்க ஹிப்போகாம்பஸும் மூளைக்காய்ச்சலில் அழிந்துவிட்டன. இளமையில் வளர்ந்த ஊரில், ஒரு சாலை அடைபட்டால் வேறெப்படிப் போவது என்று கேட்டாலும் அவர் சரியாகச் சொன்னார். நோய்க்குப் பின் குடியேறிய தெருவில், வீட்டைவிட்டு வெளியே போனால் திரும்பும் வழி தெரியவில்லை. 1999-இல் வெளியான இந்த ஆய்வு, பழைய ஊர் மூளையின் வேறு பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது, புதிய ஊருக்குத்தான் ஹிப்போகாம்பஸ் தேவை என்ற முடிவுக்கு வழிவகுத்தது. அதை லண்டன் டாக்சிக்காரர் ஒருவர் திருத்தினார். டி.டி. என்று குறிக்கப்படும் அவருக்கும் இரு பக்க ஹிப்போகாம்பஸும் பாதிக்கப்பட்டிருந்தன. பல பத்தாண்டுகள் ஓட்டிய நகரத்தை, லண்டன் தெருக்களை அப்படியே படைத்துக் காட்டும் ஒரு கணினி விளையாட்டுக்குள் அவரை ஓட்டச் சொன்னார்கள். கட்டடங்களை அடையாளம் சொன்னார். ஊரின் பொது அமைப்பு அவருக்குப் புரிந்தது. பெரிய நெடுஞ்சாலைகளில் பிசகில்லாமல் போனார். நெடுஞ்சாலையை விட்டுச் சின்னத் தெருக்களுக்குள் இறங்க வேண்டிய இடத்தில் வழி தவறினார். ஆக, பழகிய ஊர் என்பது முழுவதும் ஒரே இடத்தில் இல்லை. எலும்புக்கூடு மூளையின் மேற்பரப்புக்குப் போய்விடுகிறது. சதையும் நரம்புமாகிய சிறு தெருக்கள், எத்தனை ஆண்டு பழகினாலும், ஹிப்போகாம்பஸின் துணையோடுதான் உயிர்பெறுகின்றன. அந்தச் சிறு தெருக்களுக்காகத்தான் கால் மைல் வட்டம். ரன்கள் எலும்பைக் கொடுக்கின்றன, பாயின்ட்டுகள் சதையைக் கொடுக்கின்றன. இரண்டையும் தனித்தனியே கற்றுப் பின் சேர்க்க வேண்டும் என்பதை நூறாண்டுக்கு மேலாகப் பயிற்சியே கண்டுபிடித்து வைத்திருந்தது.

புதிய இடத்தைப் பற்றி 2010-இல் வுல்லட்டும் மகுவயரும் வெளியிட்ட ஆய்வு எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. முன்பின் பார்த்திராத ஒரு சிற்றூரை டாக்சிக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் காட்டிக் கற்கச் சொன்னார்கள். டாக்சிக்காரர்கள் எளிதாக முந்தினார்கள். பாதைகளைச் சரியாகச் சொன்னதோடு, ஊரை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தும் காட்டினார்கள். கற்கும் முறையே அவர்களுக்குக் கைவந்திருந்தது. ஆனால் அதே அளவுள்ள ஒரு புதுப் பகுதியை, லண்டனோடு இணைத்துக் கற்கச் சொன்னபோது திணறினார்கள். வெறும் மனத்தில் ஒரு புது ஊரைக் கட்டுவது எளிதாக இருந்தது. ஏற்கனவே நெருக்கமாகக் கட்டி முடித்த ஊரில் ஒரு பேட்டையைச் செருகுவது கடினமாக இருந்தது. அறிவு கூடினால் அதன்மேல் மேலும் அறிவை ஏற்றுவது எளிது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எல்லா இடத்திலும் செல்லாது. இதோடு இன்னொரு விலையும் இருக்கிறது. சிக்கலான ஓர் உருவத்தைப் பார்த்து, சிறிது நேரம் கழித்து நினைவிலிருந்து வரையச் சொல்லும் சோதனையில் டாக்சிக்காரர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். 2011 ஆய்வில் தேறிய மாணவர்களிடமும் அதே சரிவு தெரிந்தது. படித்து முடித்த பிறகு வந்த சரிவு அது, பிறவிக் குறை அன்று. ஹிப்போகாம்பஸின் முன்பகுதி சிறுத்ததோடு இதற்குத் தொடர்பு இருக்கலாம். உழைப்பின் பலனை மட்டும் சொல்லிவிட்டு இந்தக் கணக்கை மறைப்பது நேர்மையாகாது.

இன்னும் சில எச்சரிக்கைகள் தேவை. ஹிப்போகாம்பஸ் பெரிதானால் வழி நன்றாகத் தெரியும் என்று சாதாரண மனிதர்களுக்கும் பொதுவிதி போட முடியாது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 90 இளைஞர்களைச் சோதித்தபோது அப்படிப்பட்ட தொடர்பு எதுவும் தென்படவில்லை. எனக்கு இது டாக்சிக்காரர் ஆய்வுகளுக்கு முரணாகப் படவில்லை. சாதாரண வாழ்வு யாரையும் 25,000 தெருக்கள் கற்கும் எல்லைக்குத் தள்ளுவதில்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளப்பட்டவரிடமே மாற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருகிறது. பெரும்பாலும் ஆண்களையே ஆராய்ந்திருக்கிறார்கள் என்ற குறையும் உண்டு, அந்தத் தொழிலில் பெண்கள் இன்றும் மிகக் குறைவு என்பதால். வளர்ந்த இடமும் ஒரு காரணி. 38 நாடுகளில் லட்சக்கணக்கானோர் ஆடிய 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற போன் விளையாட்டின் தரவுகளை வைத்து 2022-இல் வெளியான ஆய்வு, நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்களும், தெருக்கள் ஒழுங்கற்று ஓடும் ஊர்களில் வளர்ந்தவர்களும் வழி காண்பதில் மேம்பட்டிருப்பதைக் காட்டியது. கட்டம் போட்ட நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த அனுகூலம் இல்லை. ரென்னின் நேர்த்தியான திட்டம் நிறைவேறியிருந்தால் நாலெட்ஜும் வந்திருக்காது, இந்த ஆராய்ச்சியும் வந்திருக்காது என்று சொல்லத் தோன்றுகிறது.

கடைசி எதிர்க்கேள்வி எல்லாரும் கேட்பது: போனில் வழிகாட்டி இருக்கும்போது இந்தப் படிப்பு எதற்கு? கேள்வி வலுவானது. நேற்று லண்டனுக்கு வந்து சேர்ந்த ஒருவர் இன்று வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க முடிகிறது என்றால் அதற்கு வழிகாட்டிக் கருவிதான் காரணம். அந்த நன்மையைக் குறைத்துப் பேசக்கூடாது. முன்னே எங்கே நெரிசல் என்பதும் கருவிக்கே சீக்கிரம் தெரியும். 2012-இல் ஊபர் லண்டனுக்கு வந்தபின், நாலெட்ஜ் என்பது வெளியாரை உள்ளே விடாத மதில் என்ற குற்றச்சாட்டும் ஓங்கியது. ஆண்டுக்கணக்கில் சம்பாத்தியம் இல்லாமல் படிக்க எல்லாராலும் முடியாது என்பதால் அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் கருவி செய்வது வேறு வேலை. 2017-இல் ஹியூகோ ஸ்பியர்ஸ் குழுவினர் 24 பேரை லண்டனின் சோஹோ பகுதியில் நடத்திக் காட்டிப் பழக்கி, பிறகு அதே தெருக்களைப் படமாகக் காட்டி ஸ்கேனுக்குள் வழி தேடச் சொன்னார்கள். தாமே வழி தேடும்போது, ஒவ்வொரு புதிய தெருவுக்குள் நுழையும்போதும் கிளைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஹிப்போகாம்பஸ் எழுந்து அடங்கியது. எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தபோது அந்த எழுச்சி இல்லை. கருவி நம்மைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறது. ஊர் நம்மிடம் வந்து சேருவதில்லை. தொடர்ந்த கருவிப் பழக்கம் வழி நினைவைத் தேய்க்கிறதா என்பதற்குச் சான்று இன்னும் மெலிந்தது. 2020-இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னாலும், மூன்றாண்டு கழித்து மறுபடி சோதிக்கப்பட்டவர்கள் 13 பேர்தான். அமெரிக்க இறப்புச் சான்றிதழ்களை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், 443 தொழில்களில் டாக்சி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடையே அல்சைமர் நோயால் இறந்தோர் விகிதம் மிகக் குறைவாக இருந்தது. பஸ் ஓட்டுநர்களிடம் அப்படியில்லை. நம்பிக்கை தரும் செய்திதான், ஆனால் தொழில்தான் நோயைத் தடுத்தது என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனவே பரீட்சைக்காக வாதாட நான் மருத்துவ பயத்தைத் துணைக்கு அழைக்க மாட்டேன்.

என் வாதம் எளியது. இந்தப் பரீட்சை உண்டாக்குவது, வேறு வழியில் உண்டாகாத ஒரு திறன். ஒருமுறை அறுந்தால் மறுபடி தொடங்க முடியாதது, ஏனென்றால் புத்தகத்தைவிட அதிகமாக அது கூட்டாளிக்குக் கூட்டாளி, பரீட்சகருக்கு மாணவர் என்று ஆள்வழியாகவே வந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் 25,000 வரை இருந்த லைசென்ஸ் பெற்ற ஓட்டுநர்கள் இன்று 20,000-க்கும் கீழே இறங்கிவிட்டார்கள். பரீட்சையைச் சுருக்கி எளிதாக்கினால் ஆட்கள் வருவார்கள் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அது தவறான வைத்தியம். தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் இடையே தொடக்கத்தில் மூளையில் வேறுபாடு இல்லை, பயிற்சிக்குக் கிடைத்த நேரத்தில் பெரிய வேறுபாடு இருந்தது என்று 2011 ஆய்வு சொல்கிறது. அப்படியானால் மாணவருக்குக் குறைவது திறமையன்று, தெருவில் செலவிடும் நேரம். அந்த நேரத்தை வாங்கக்கூடிய உதவித்தொகையையும் கடனையும் லண்டன் நிர்வாகம் கொடுக்க வேண்டும். 320 ரன்களில் ஒன்றையும் குறைக்கக்கூடாது.